ரோட்டுல தூங்கறவங்களுக்கு அரசு என்ன பண்ணுது, அது வேலை செய்யுதா? சென்னைய வச்சு சில கேள்வி பதில்

நைட் பத்து மணிக்கு மேல சென்ட்ரல், பாரிஸ் (பாரிமுனை), வால்டாக்ஸ் ரோடு பக்கம் போறவங்க நிறைய பேர் கேக்கற கேள்விங்க இது. இவ்ளோ திட்டம் இருக்கே, ஷெல்டர் இருக்கே, குடிசை மாற்று வாரியம் போர்டு வீடு கட்டறாங்களே, அப்புறம் ஏன் இன்னும் குடும்பம் குடும்பமா பிளாட்பாரத்துல படுத்திருக்காங்கன்னு. இந்த விஷயத்துல கொஞ்ச வருஷமா வேலை பாக்கற ஃப்ரெண்ட்ஸ் கூட சுத்தினதுல தெரிஞ்சத, படிச்சத எல்லாம் சேத்து ஒரே இடத்துல எழுதறேன்.

வீடு இல்லாதவங்கன்னா பிச்சை எடுக்கறவங்க தானே?

இல்லங்க. இந்த நெனப்பு தான் முதல்ல போகணும். பாரிஸ் பக்கம் ரோட்டோரம் இருக்கற குடும்பங்கள்ல பெரும்பாலானவங்க வேலைக்கு போறவங்க. மூட்டை தூக்கறது, மீன்பாடி வண்டி (சரக்கு ஏத்தற மூணு சக்கர வண்டி) ஓட்டறது, பூ கட்டி விக்கறது, கல்யாண மண்டபத்துல பாத்திரம் கழுவறது, காய்கறி மார்க்கெட்ல கூலி, பழைய பேப்பர் பிளாஸ்டிக் பொறுக்கறது, இப்படி ஏதோ ஒரு வேலை. காலையில நாம வாங்கற பூவும் காயும் இவங்க கை பட்டு தான் வருது. சில குடும்பம் அதே ரோட்டுல ரெண்டு மூணு தலைமுறையா இருக்கு, பாட்டி அங்க தான் பொறந்தாங்க, பேத்தி அங்க இருந்து தான் கார்ப்பரேஷன் ஸ்கூலுக்கு போகுது.

அரசு கணக்குல "வீடற்றோர்"னா கூரை உள்ள கட்டடத்துல இல்லாம ரோட்டோரம், பிளாட்பாரம், பாலத்துக்கு அடியில, மாடிப்படிக்கு கீழ, பெரிய சிமெண்ட் பைப்புக்குள்ள, கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் மாதிரி இடத்துல திறந்தவெளியில இருக்கறவங்க. சென்சஸ்ல இந்த அர்த்தம் தான். குடிசையில இருக்கறவங்க இதுல வர மாட்டாங்க, அவங்க கணக்கு தனி.

சென்னையில எத்தனை பேர் இருக்காங்க?

இதுக்கு நம்பிக்கையான ஒரு நம்பர் கிடையாது, அதுவே பாதி பிரச்சனை. 2011 சென்சஸ்ல இந்தியா முழுக்க 17.73 லட்சம் பேர். 2001-ல இது 19.43 லட்சமா இருந்துச்சு, அப்ப மொத்தத்துல கொறஞ்சிருக்குன்னு சொல்லலாம், ஆனா நகரங்கள மட்டும் எடுத்தா 7.78 லட்சத்துல இருந்து 9.38 லட்சமா ஏறிடுச்சு. கிராமத்துல கொறஞ்சு நகரத்துல கூடியிருக்கு. சென்னையில அந்த சென்சஸ்ல 16,000 பேருக்கு மேல எண்ணினாங்க, 2018-ல கார்ப்பரேஷன் எடுத்த சர்வேல சுமார் 9,000 பேர்னு வந்துச்சு.

ரெண்டு நம்பருக்கும் நடுவுல இவ்ளோ இடைவெளி இருக்கறப்ப ஏழு வருஷத்துல பாதிக்கு பாதி கொறஞ்சிடுச்சுன்னு எடுத்துக்கலாமா? நான் அப்படி எடுத்துக்க மாட்டேன். சென்சஸ்ல இவங்கள எண்ணறது ஒரே ஒரு ராத்திரி, 2011-ல அது பிப்ரவரி 28 ராத்திரி. அன்னைக்கு நைட் ஷிஃப்ட் வேலைக்கு போனவர், போலீஸ் வந்து எழுப்பிவிட்டதால வேற தெருவுக்கு போனவங்க, கடை மூடின அப்புறம் வாசல்ல படுக்கறதுக்காக பன்னெண்டு மணி வரைக்கும் எங்கயோ உக்காந்திருக்கறவங்க, தனியா இருக்கறதால பயந்து கண்ணுல படாத மூலையில ஒளிஞ்சு படுக்கற பொண்ணுங்க, இவங்க எல்லாம் விட்டுப்போக நிறையவே வாய்ப்பு இருக்கு. கார்ப்பரேஷன் சர்வேயும் வேற முறையில வேற நேரத்துல எடுத்தது, ரெண்டையும் பக்கத்துல வச்சு கழிச்சு பாக்கறதுல அர்த்தம் இல்ல.

எப்படி ரோட்டுக்கு வர்றாங்க?

ஒவ்வொருத்தருக்கும் ஒரு கதை, ஆனா கேக்க கேக்க சில காரணம் திரும்ப திரும்ப வரும். ஊர்ல விவசாயம் படுத்து வேலை தேடி வந்தவங்க. புருஷன் குடிச்சுட்டு அடிக்கறதால குழந்தைய தூக்கிட்டு வெளிய வந்தவங்க. புள்ளைங்க பாக்காத வயசானவங்க. மனநிலை பாதிச்சு ரயில் ஏறி எங்கயோ இறங்கினவங்க. குடிசைய எடுத்தப்ப லிஸ்ட்ல பேர் வராம போனவங்க. ஆஸ்பத்திரிக்கு வந்து, காசு தீந்து, ஊருக்கு திரும்ப முடியாம நின்னவங்க.

இது எல்லாத்துக்கும் அடியில வாடகை இருக்கு. சென்னையில ஒரு சின்ன ரூம் எடுக்கணும்னா கூட அட்வான்ஸ் கேப்பாங்க, அதுவும் பத்து மாச அட்வான்ஸ் கேக்கறது இங்க ரொம்ப சாதாரணம். தமிழ்நாட்டோட 2017 வாடகை சட்டத்துல அட்வான்ஸுக்கு பொது வரம்பு மூணு மாச வாடகை தான். அத கேட்டு வாதாடற நெலமையில தினக்கூலிக்காரங்க இல்ல. மாச வாடகைய எப்படியோ கட்டிடுவாங்க, மொத்தமா அந்த முப்பதாயிரம் நாப்பதாயிரம் தான் அவங்களால புரட்ட முடியாதது. வேலை இருந்தும் ரோட்டுல இருக்கறதுக்கு இத விட நேரடியான காரணம் எனக்கு தெரியல.

அரசு ஷெல்டர் எல்லாம் எப்ப ஆரம்பிச்சது?

முன்னாடியே ஒண்ணு ரெண்டு இருந்துச்சு, ஆனா இப்ப இருக்கற மாதிரி வந்ததுக்கு காரணம் கோர்ட். 2009 டிசம்பர்ல டில்லியில பூசா ரோடு பக்கம் இருந்த ஒரு தற்காலிக ஷெல்டர இடிச்சாங்க, அது கடுங்குளிர் காலம். உணவு உரிமை வழக்குன்னு சுப்ரீம் கோர்ட்ல 2001-ல இருந்து நடந்துட்டு இருந்த வழக்குல, உத்தரவு எல்லாம் நடக்குதான்னு கண்காணிக்க கோர்ட் போட்ட கமிஷனர்களா இருந்த என்.சி.சக்சேனா, ஹர்ஷ் மந்தர் இந்த விஷயத்த கோர்ட்டுக்கு கொண்டு போனாங்க. 2010-ல கோர்ட் டில்லிக்கு மட்டும் இல்லாம மத்த பெரிய நகரங்களுக்கும் சேத்து உத்தரவு போட்டுச்சு: ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு ஷெல்டர், ஒவ்வொண்ணுலயும் நூறு பேராவது தங்கற மாதிரி, ராத்திரி மட்டும் இல்ல, 24 மணி நேரமும், வருஷம் முழுக்க திறந்து இருக்கணும்.

அதுக்கப்புறம் 2013-ல மத்திய அரசோட தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்துல வீடற்றோர் காப்பகம்னு தனி திட்டமே வந்துச்சு. ஒரு ஆளுக்கு 50 சதுர அடியாவது இடம், குடிக்க தண்ணி, கக்கூஸ், சமையல் வசதி, பொருள் வச்சுக்க லாக்கர், ஷெல்டர் அவங்க வேலை பாக்கற இடத்துக்கு பக்கத்துலயே இருக்கணும், அவங்களுக்கு ஆதார், ரேஷன் கார்டு, பென்ஷன் எல்லாம் வாங்கி குடுக்க ஷெல்டர் உதவணும்னு எல்லாம் எழுதி இருந்துச்சு. படிச்சா நல்ல திட்டம் தான். ஆனா பல மாநிலத்துல காசு செலவே ஆகாம கெடந்துச்சு, அதனால 2016-ல சுப்ரீம் கோர்ட் மறுபடி தலையிட்டு நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில ஒரு கமிட்டி போட்டு நேர்ல பாக்க சொல்ல வேண்டி வந்துச்சு.

சென்னையில இப்ப ஷெல்டர் எப்படி இருக்கு?

மத்த நிறைய ஊரோட ஒப்பிட்டா சென்னை பரவாயில்லன்னு தான் சொல்லணும். கார்ப்பரேஷன் கட்டடம் குடுக்குது, தொண்டு நிறுவனங்கள் நடத்துது. ஆண்களுக்கு, பெண்களுக்கு, வயசானவங்களுக்கு, பசங்களுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு, மனநலம் பாதிச்சவங்களுக்கு, திருநங்கைகளுக்குன்னு தனித்தனியா வச்சிருக்காங்க. இந்த பிரிவு முக்கியம், ஏன்னா எல்லாரையும் ஒரே ஹால்ல போட்டா பலவீனமா இருக்கறவங்க ரெண்டே நாள்ல கெளம்பிடுவாங்க.

இன்னொரு நல்ல விஷயம், பெரிய அரசு ஆஸ்பத்திரிங்ககிட்ட நோயாளிக்கு துணையா வந்தவங்க தங்கறதுக்குன்னே ஷெல்டர் வச்சது. ஜி.ஹெச்., ஸ்டான்லி வாசல்ல பாய் விரிச்சு படுத்திருந்த கூட்டத்த பாத்தவங்களுக்கு இதோட அருமை தெரியும். வேலூர்லயோ திருவண்ணாமலையிலயோ இருந்து வந்து ஒரு மாசம் வார்டுக்கு வெளிய உக்காந்திருக்கறவங்களும் அந்த ஒரு மாசத்துக்கு வீடு இல்லாதவங்க தான்.

எண்ணிக்கை போதுமான்னு கேட்டா போதாது. 2011-ல எல்லை விரிவான அப்புறம் மாநகராட்சிக்குள்ள 66 லட்சத்துக்கு மேல மக்கள், கோர்ட் சொன்ன கணக்குப்படி அறுபதுக்கு மேல ஷெல்டர் வேணும், ஒவ்வொண்ணுலயும் நூறு பேர். இருக்கறது அத விட கம்மி, அதுலயும் நிறைய இடம் நூறு பேர் தங்கற அளவுக்கு பெருசு இல்ல.

ஃப்ரீயா ஷெல்டர் இருக்கறப்ப ஏன் போக மாட்டேங்கறாங்க?

இந்த கேள்விய கோவமா கேக்கறவங்க தான் அதிகம், "அவங்களுக்கு ரோடு தான் புடிச்சிருக்கு"ன்னு ஒரு முடிவோட. நான் பேசின யாருமே ரோடு புடிச்சிருக்குன்னு சொன்னதில்ல.

முதல் காரணம் குடும்பம். ஷெல்டர்ங்கறது பெரும்பாலும் தனி ஆளுக்காக யோசிச்சது. புருஷன் ஆண்கள் ஷெல்டருக்கு, பொண்டாட்டி பெண்கள் ஷெல்டருக்கு, பன்னெண்டு வயசு பையன் இன்னொரு இடத்துக்குன்னு பிரிஞ்சு போக எந்த குடும்பம் ஒத்துக்கும்? நம்மள யாராவது அப்படி சொன்னா நாம போவோமா? சென்னையில ரோட்டுல இருக்கறவங்கள்ல பெரும்பகுதி குடும்பமா இருக்கறவங்க, ஆனா குடும்பமா தங்கற ஷெல்டர் ரொம்ப கொஞ்சம். ரோட்டுல இருந்தாலும் அங்க அவங்க ஒரு குடும்பம், அடுப்பு இருக்கு, பக்கத்துல அக்கா தங்கச்சி இருக்காங்க, புள்ளைய பாத்துக்க ஆள் இருக்கு. அத விட்டுட்டு ஒரு ஹால்ல பெட் நம்பரா மாற சொன்னா எப்படி.

அடுத்தது வேலை நேரமும் பொருளும். மார்க்கெட் வேலை நைட் ரெண்டு மணிக்கு ஆரம்பிக்கும், மீன்பாடி வண்டிய நிறுத்த இடம் வேணும், பூ கூடை, பாத்திரம், ட்ரங்க் பெட்டி எல்லாம் எங்க வைக்கறது, வண்டி காணாம போனா பொழப்பே போச்சு. குடிக்கு அடிமையானவங்கள சில இடத்துல சேத்துக்க மாட்டாங்க, அதுல ஷெல்டர் நடத்தறவங்க பக்கமும் நியாயம் இருக்கு, ஆனா அவங்க எங்க போவாங்கன்னு யாரும் யோசிக்கல. அப்புறம் நிறைய பேருக்கு ஷெல்டர் இருக்கறதே தெரியாது, தெரிஞ்சாலும் போலீஸ் வேன்ல ஏத்திட்டு போய் எங்கயோ அடைச்சிடுவாங்கன்னு பயம், அந்த பயம் சும்மா வரல, அத பத்தி கீழ சொல்றேன்.

நடத்தறவங்களுக்கும் கஷ்டம் இருக்கு. கார்ப்பரேஷன்ல இருந்து வர வேண்டிய காசு மாசக்கணக்கா லேட் ஆகும், அதுவரைக்கும் வாட்ச்மேன் சம்பளம், சாப்பாடு, கரண்ட் எல்லாம் தொண்டு நிறுவனம் கைக்காசு போட்டு ஓட்டணும். ஒரு பாட்டிமாவ குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து போட்டு, பேர் கேட்டு, ஊர் கேட்டு, மகன் நம்பர தேடி புடிக்கற அந்த வேலைய பண்றவங்களுக்கு நாம குடுக்கற சம்பளம் ரொம்ப ரொம்ப கம்மி.

போர்டு வீடு குடுத்தா வித்துட்டு திரும்ப ரோட்டுக்கே வந்துடறாங்கன்னு சொல்றாங்களே?

சில பேர் திரும்ப வர்றது உண்மை. ஏன் வர்றாங்கன்னு பாக்கணும்.

1970-ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சப்ப நிறைய இடத்துல குடிசை இருந்த எடத்துலயே மாடி வீடு கட்டினாங்க, மந்தைவெளி, மயிலாப்பூர், சேப்பாக்கம் பக்கம் இன்னைக்கும் அந்த பழைய பிளாக் எல்லாம் பாக்கலாம். வாரியத்துக்கு 2021-ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேர் மாத்தினாங்க. ஆனா நடுவுல, 2000-க்கு அப்புறம், கட்டினது பெரும்பாலும் ஊருக்கு வெளிய. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். கண்ணகி நகர்ல ஆரம்பத்துல குடுத்த வீடு 200 சதுர அடி கூட கிடையாது. பெரும்பாக்கத்துல எட்டு மாடி, லிஃப்ட் ரிப்பேர் ஆனா வயசானவங்க கீழயே இறங்க முடியாது.

பாரிஸ்ல மூட்டை தூக்கறவருக்கு பெரும்பாக்கத்துல வீடு குடுத்தா அவர் விடியக்காலம் ரெண்டு மணிக்கு எந்த பஸ்ல வருவார்? வர முடியாது, அதனால வாரம் முழுக்க பிளாட்பாரத்துல படுத்துட்டு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு போறார். அத பாத்துட்டு "வீடு குடுத்தும் ரோட்டுல இருக்கான்"னு சொல்றோம். வேலை அங்கயே இருக்கறதால தான் அவங்க பிளாட்பாரத்துலயே இருக்காங்கன்னு 1985-லயே சுப்ரீம் கோர்ட் ஓல்கா டெல்லிஸ் வழக்குல தெளிவா சொல்லிடுச்சு, பம்பாய் பிளாட்பாரவாசிங்க வழக்கு அது. வாழற உரிமைக்குள்ள பொழப்புக்கான உரிமையும் அடங்கும்னு சொன்னது அந்த தீர்ப்பு தான். மெட்ராஸ் குடிசைவாசிங்க, பிளாட்பாரவாசிங்களுக்காக அப்ப வக்கீலா இருந்த கே.சந்துரு போட்ட வழக்கும் அதே வருஷம் தான் முடிஞ்சுது. நாப்பது வருஷம் ஆச்சு, வீடு எங்க கட்டறதுன்னு முடிவு பண்றப்ப வேலை இருக்கற எடத்துல தான் இருப்பாங்கன்னு ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு சொன்னது இன்னும் யார் மனசுலயும் இல்ல.

இன்னொண்ணு, வீடு ஒதுக்கறது பெரும்பாலும் ஆத்தோரம், கால்வாயோரம் குடிசைய எடுக்கறப்ப. குடிசை இருந்தவங்களுக்கு சர்வே எடுத்து டோக்கன் குடுப்பாங்க. பிளாட்பாரத்துல தார்ப்பாய் கட்டி இருக்கறவங்களுக்கு எடுக்கறதுக்கு குடிசையே இல்லையே, அதனால பல தடவ லிஸ்ட்லயே வர்றதில்ல. வடசென்னையிலயே புதுசா கட்டற பிளாக்ல எங்களுக்கும் குடுங்கன்னு அவங்க கேட்டுட்டே தான் இருக்காங்க.

"அனைவருக்கும் வீடு" திட்டம் இருக்கே, கலைஞர் கனவு இல்லம் இருக்கே?

கலைஞர் கனவு இல்லம் கிராமத்துக்கு. 2024-25-ல ஆரம்பிச்சு வருஷத்துக்கு ஒரு லட்சம் வீடு, ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய்னு குடிசைய கான்கிரீட் வீடா மாத்தற திட்டம். நல்ல திட்டம், ஊர்லயே வீடு நல்லா இருந்தா நகரத்து ரோட்டுக்கு வர்றது கொறையும். பிரதமர் ஆவாஸ் யோஜனா நகர்ப்புறத்துக்கு 2015-ல வந்துச்சு, அதுல சொந்தமா கட்டிக்கற பிரிவுக்கு மனை வேணும், அடுக்குமாடியில வாங்கறதுக்கு பயனாளி பங்கு கட்டணும். மனையும் இல்லாத, பங்கு கட்டவும் முடியாதவங்களுக்கு ரெண்டு கதவும் மூடி தான் இருக்கு. ரொம்ப கீழ இருக்கறவங்களுக்கு தேவை சொந்த வீடு இல்ல, வாடகைக்கு ஒரு ரூம். நம்ம திட்டங்கள்ல கம்மியா இருக்கறது அது தான்.

அட்ரஸ் இல்லன்னா ஆதார், ஓட்டு, ரேஷன் கார்டு எல்லாம் எப்படி?

ஓட்டர் ஐடிக்கு வீடு இல்லாதவங்க அட்ரஸ் ப்ரூஃப் குடுக்க தேவையே இல்ல. ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேக்கற படிவம் 6-ல எங்க படுக்கறாங்களோ அந்த இடத்த எழுதினா போதும், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒரு ராத்திரிக்கு மேல நேர்ல வந்து அவங்க அங்க தான் தூங்கறாங்களான்னு பாத்து உறுதி பண்ணணும், இது தேர்தல் கமிஷனோட விதி. இத தெரிஞ்சுக்கிட்டு உங்க ஏரியால இருக்கறவங்களுக்கு ஃபார்ம் நிரப்பி குடுங்க, நிஜமாவே பெரிய உதவி. ஓட்டு இருந்தா கவுன்சிலர் நின்னு பேசுவார்.

ஆதாருக்கு அங்கீகாரம் உள்ள காப்பகத்தோட பொறுப்பாளர் குடுக்கற சான்றிதழ் செல்லும். ரேஷன் கார்டு தான் கஷ்டம், நேர்ல வந்து வீட்ட பாத்துட்டு தான் குடுப்பாங்க, வீடே இல்லன்னா என்னத்த பாப்பாங்க. ஆனா தமிழ்நாட்டுல எல்லாமே ரேஷன் கார்ட புடிச்சுட்டு தான் நிக்குது, அரிசி, பொங்கல் பரிசு, 2023-ல வந்த மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய், முதலமைச்சர் காப்பீடு எல்லாம். யாருக்கு ரொம்ப தேவையோ அவங்களுக்கு தான் கார்டு இல்ல.

மனநலம் பாதிச்சு ரோட்டுல சுத்தறவங்களுக்கு ஏதாவது இருக்கா?

இருக்கு, இந்த ஒரு விஷயத்துல சென்னை நாட்டுக்கே வழி காட்டி இருக்குன்னு பெருமையா சொல்லலாம். 1993-ல வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சேந்து ரோட்டுல விடப்பட்ட பெண்களுக்காக பான்யன் அமைப்ப ஆரம்பிச்சாங்க. அவங்க 2015 வாக்குல ஆரம்பிச்ச "ஹோம் அகெய்ன்" முறை ரொம்ப எளிமையானது. வருஷக்கணக்கா ஆஸ்பத்திரியிலயே இருக்கற, போக வீடு இல்லாத பெண்கள் நாலஞ்சு பேர் சேந்து சாதாரண தெருவுல ஒரு சாதாரண வாடகை வீட்டுல இருப்பாங்க, உதவிக்கு ஒரு ஆள் கூட இருப்பாங்க, அவங்களே சமைப்பாங்க, கடைக்கு போவாங்க, பக்கத்து வீட்டோட பேசுவாங்க. வார்டுல பல வருஷம் பேசாம இருந்தவங்க கூட வீடுன்னு ஒண்ணு கெடச்ச அப்புறம் மாறினத அந்த வேலையில இருக்கறவங்க சொல்லி கேட்டிருக்கேன். இது இப்ப கேரளா, மகாராஷ்டிரா, அஸ்ஸாம் வரைக்கும் போயிருக்கு.

தமிழ்நாடு அரசும் சில மாவட்ட ஆஸ்பத்திரிகள்ல இப்படி ரோட்டுல இருக்கறவங்கள கூட்டிட்டு வந்து சிகிச்சை குடுத்து குடும்பத்தோட சேக்கற மீட்பு மையங்கள் ஆரம்பிச்சிருக்கு. 2017 மனநல சட்டத்துல, தன்னை பாத்துக்க முடியாத நிலையில சுத்தறவங்கள பாதுகாப்புக்கு எடுத்து 24 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரில காட்டணும்ங்கறது போலீஸோட கடமை. லாக்கப்ல வைக்கக்கூடாதுன்னும் அதுலயே இருக்கு.

பிச்சை எடுக்கறத தடை பண்ணா சரியாகிடாதா?

1945-லயே சட்டம் போட்டாச்சு, சென்னை பிச்சை தடுப்பு சட்டம்னு. ஆவடி பக்கம் மேல்பாக்கத்துல அதுக்கு ஒரு இல்லமும் இருக்கு. எண்பது வருஷமா சட்டம் இருக்கு, பிச்சையும் இருக்கு. போலீஸ் வேன்னா ரோட்டுல இருக்கறவங்க ஓடறதுக்கு காரணம் இந்த புடிச்சுட்டு போற பழக்கம் தான், ஷெல்டர்ல இருந்து நல்ல மனசோட கூப்பிட வர்றவங்கள பாத்தும் அவங்க ஓடறாங்கன்னா அதுக்கு காரணமும் இது தான். டில்லி ஹைகோர்ட் 2018-ல அங்க பிச்சைய குற்றமாக்கற பிரிவுகள செல்லாதுன்னு சொல்லிடுச்சு, சாப்பாட்ட தேடறது குற்றம் ஆகாதுங்கறது தான் அதோட சாரம். தமிழ்நாடும் அந்த 1945 சட்டத்த எடுத்துடணும்.

கொரோனா அப்ப எல்லாரையும் உள்ள கொண்டு வந்தாங்களே?

ஆமா. 2020 மார்ச்ல லாக்டவுன் போட்டதும் கார்ப்பரேஷன் ஸ்கூல், சமுதாய நலக்கூடம் எல்லாத்தையும் திறந்து நிறைய பேர தங்க வச்சாங்க, அம்மா உணவகத்துல ஃப்ரீயா சாப்பாடு போட்டாங்க. அப்ப இடம் இல்லன்னு யாரும் சொல்லல. ஸ்கூல் திறந்ததும் அவங்க திரும்ப ரோட்டுக்கே போனாங்க, ஏன்னா அடுத்து எங்கன்னு யாரும் பிளான் பண்ணல. அப்ப நெனச்சா முடியும்ங்கறது தெரிஞ்சுது, அத எனக்கு மறக்க முடியல.

சரி, மொத்தத்துல இந்த முயற்சி எல்லாம் வேலை செய்யுதா இல்லையா?

ரெண்டா பிரிச்சு தான் சொல்ல முடியும். உயிர காப்பாத்துதான்னு கேட்டா ஆமா. தனியா இருக்கற வயசானவங்க, பெண்கள், நோயாளிக்கு துணையா வந்தவங்க, இவங்களுக்கு ஷெல்டர் இல்லன்னா என்ன ஆகி இருக்கும்னு யோசிக்கவே கஷ்டமா இருக்கு.

வீடு இல்லாத நெலமைய கொறைக்குதான்னு கேட்டா, குடும்பங்கள பொறுத்தவரை இல்லன்னு தான் சொல்வேன். அதுக்கு பெரிய காரணம், நாம எண்ணறது படுக்கைய. எத்தனை ஷெல்டர் திறந்தோம், எத்தனை பேர மீட்டோம், இது தான் ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் வரும். ஷெல்டர்ல இருந்து எத்தனை பேர் ஒரு வாடகை வீட்டுக்கு போனாங்க, ஒரு வருஷம் கழிச்சும் அந்த வீட்டுலயே இருக்காங்களா, குடும்பத்தோட சேத்து வச்சவங்க மறுபடி ரோட்டுக்கு வந்துட்டாங்களா, இந்த கேள்விக்கு நம்பர் வெளிய வர்றதே இல்ல. ஒரே ஆள மூணு தடவ மீட்டா கணக்குல மூணு மீட்பு.

வேற எந்த ஊர்லயாவது கொறைச்சு காட்டி இருக்காங்களா?

பின்லாந்து. 2008-ல இருந்து அங்க முதல்ல வீடு, மத்தது எல்லாம் அப்புறம்னு ஒரு கொள்கைய புடிச்சாங்க. குடிய நிறுத்து, வேலை தேடு, அப்புறம் வீடு தர்றோம்னு சொல்லாம, ஒப்பந்தம் போட்டு நிரந்தர வாடகை வீட்ட கையில குடுத்துட்டு அப்புறம் மத்த உதவி. ஹெல்சிங்கி நகரத்துல 1985-ல ஷெல்டர், ஹாஸ்டல் படுக்கை 2,000-க்கு மேல இருந்துச்சு, 2016-ல 52. ஷெல்டர்களையே அடுக்குமாடி வீடா மாத்திட்டாங்க. நாட்டுல வீடு இல்லாதவங்க 2008-ல 8,000-க்கு மேல இருந்தது 2023-ல 3,429-க்கு வந்துச்சு. 2024-ல மறுபடி 3,806-ஆ ஏறிடுச்சு, வாடகை உதவித்தொகைய அரசு வெட்டினத பலர் காரணமா சொல்றாங்க. விட்டா திரும்ப ஏறும்ங்கறதும் இதுல இருந்து தெரியுது.

அது 55 லட்சம் பேர் இருக்கற பணக்கார நாடு, நாம அப்படியே எடுக்க முடியாது. ஆனா ஷெல்டர் படுக்கை கொறையறத அங்க வெற்றியா எண்ணினாங்க. அந்த கணக்க எடுத்துக்க காசு தேவை இல்ல.

சென்னைக்கு உங்க யோசனை என்ன?

அட்வான்ஸ். நான் முதல்ல சொல்றது இது தான். வேலைக்கு போற, மாச வாடகை கட்டக்கூடிய குடும்பத்துக்கு அந்த மூணு மாச அட்வான்ஸ அரசு பொறுப்பெடுத்து, மூணு மாசத்துக்கு மேல வீட்டுக்காரர் கேக்காம பாத்துக்கிட்டு, முதல் ஒரு வருஷம் வாடகையில கொஞ்சம் உதவினா ஒரு பெரிய கூட்டம் ரோட்ட விட்டு போயிடும். வேலைக்கு போற பெண்களுக்கு தோழி விடுதின்னு அரசே வாடகைக்கு விடுது, நல்லாவும் நடக்குது, அதே யோசனைய வடசென்னையில குடும்பங்களுக்கு சின்ன சின்ன ரூமா பண்ணலாம். வாரியம் இடிச்சு கட்டற பழைய பிளாக் ஒவ்வொண்ணுலயும் அந்த ஏரியா பிளாட்பார குடும்பங்களுக்குன்னு ஒரு பங்கு ஒதுக்கணும். அது வர்ற வரைக்கும் குடும்ப ஷெல்டர், வண்டி நிறுத்த இடத்தோட.

ரோட்டுல ஒருத்தர் முடியாம இருக்கறத பாத்தா நான் என்ன பண்ணணும்?

முதல்ல போய் பேசுங்க, "அண்ணா, சாப்டீங்களா", "பாட்டிமா, எந்த ஊரு"ன்னு. ஃபோட்டோ எடுத்து போடாதீங்க. உடம்பு சரியில்லன்னா 108. ஷெல்டருக்கு கார்ப்பரேஷன் நம்பர் 1913, வயசானவங்களுக்கு 14567, குழந்தைங்கன்னா 1098, பெண்களுக்கு 181. கால் பண்ணிட்டு கெளம்பிடாம வண்டி வர்ற வரைக்கும் கூட இருங்க, ஆள் இல்லன்னு வண்டி திரும்பி போறது அடிக்கடி நடக்குது. அவங்களுக்கு வர விருப்பமான்னு கேளுங்க, வரலன்னு சொன்னா கட்டாயப்படுத்தாதீங்க, ரெண்டு நாள் கழிச்சு திரும்ப போய் கேளுங்க, ரெண்டாவது மூணாவது தடவையில வர்றவங்க நிறைய பேர். குடும்பமா இருந்தா சேந்து தங்க இடம் இருக்கான்னு ஃபோன்லயே கேட்டுடுங்க, இல்லன்னு பதில் வந்தா அந்த புகார் நம்பர வாங்கி வச்சு உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட எழுத்துல குடுங்க.